தொண்டு நிறுவனம் நடத்துகிறீர்களா? ஒரு பட்டியலில் இருந்து தொடங்குங்கள்

நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் தொண்டு நிறுவனங்களில் வேலை எப்படி நடக்கிறது என்று கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உதவி கேட்டு வந்தவர்களின் பெயர் ஒரு நோட்டில், அவர்களுடைய நம்பர் யாரோ ஒருவரின் கைபேசியில், போன மாதம் யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது ஒரே ஒருவருடைய நினைவில். அவர் பத்து நாள் லீவு போட்டால் எல்லாமே நின்றுவிடும். இந்த நிலைமையில் யாராவது வந்து உங்களுக்கு ஒரு ஆப் செய்து தருகிறோம் என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செய்து கொடுப்பவர் போய்விடுவார், அதை வருஷக்கணக்கில் பராமரிக்க வேண்டியது நீங்கள்தான்.

முதலில் ஒரே ஒரு பட்டியல் போடுங்கள். கூகுள் ஷீட் போதும், இணையம் சரியாக வராத இடமென்றால் கணினியிலேயே இயங்கும் லிப்ரேஆபீஸ் கால்க், இரண்டுக்கும் பணம் வேண்டாம். ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண். பெயரை மட்டும் நம்பினால் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள், அல்லது ஒருவருடைய பெயரையே மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைப்பார்கள், அப்புறம் யாருக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. போன் நம்பர் வரும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும்.

எதையெல்லாம் கேட்பது? ஒரு தகவலை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அதைக் கேட்கவே வேண்டாம். நோய், கடன், வீட்டுச் சண்டை இதையெல்லாம் மனிதர்கள் நம்மை நம்பித்தான் சொல்கிறார்கள், எழுதி வைத்த நிமிஷத்தில் இருந்து அதைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையது. எல்லாத் தன்னார்வலருக்கும் முழுப் பட்டியலையும் திறந்து வைக்காதீர்கள்.

வீடு வீடாகப் போய் விவரம் எடுப்பவர்களுக்குக் கோபோ டூல்பாக்ஸ் நல்ல கருவி. சிக்னல் இல்லாத இடத்திலும் கைபேசியிலேயே படிவத்தை நிரப்பலாம், இணையம் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். நன்கொடையாளர் கணக்கு ஷீட்டில் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிறகு நன்கொடையாளர் விவரங்களைக் கையாளவே செய்த சிவிசிஆர்எம் மென்பொருள் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம், அதுவரை அவசரமில்லை.

செய்தி அனுப்புவதில்தான் நிறையப் பேர் தெரியாமல் தப்பு செய்கிறார்கள். உதவி பெறுபவர்களை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். யார் யார் உதவி வாங்குகிறார்கள் என்பதை நாமே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், அதில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும், அதனால் முதல் சந்திப்பிலேயே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தியாகப் போகும், தமிழில் 70தான், அதற்கு மேல் போனால் இரண்டு மூன்றாகப் பிரிந்து செலவும் ஏறும். அதுவும் உயிர்மெய்யில் கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். நாள், நேரம், இடம் மூன்றையும் முதலில் போட்டுவிடுங்கள், வணக்கம் எல்லாம் இடமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குகளைப் பற்றி ஒன்று. எதையும் தனி ஆளின் மெயிலில் தொடங்காதீர்கள். நிறுவனத்துக்கென்று ஒரு மெயில், அதைத் திறக்க இரண்டு பேருக்காவது வழி, கட்டாயம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு கைபேசிக்கு வரும் எண் மாதிரி இன்னொன்றையும் கேட்கும் ஏற்பாடு. மாதம் ஒருமுறை பட்டியலை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள், வைத்த பிரதி திறக்கிறதா என்றும் பாருங்கள். மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள். 1987இல் தொடங்கிய டெக்சூப் என்ற அமைப்பு இப்படிப்பட்ட சலுகைகளை வாங்கித் தருகிறது, கூகுளும், போஸ்டர் மாதிரி வடிவமைக்க உதவும் கேன்வாவும் தகுதியுள்ள நிறுவனங்களுக்கு இலவசமாகவே தருகின்றன.

எல்லாம் தயாரானதும் உங்களிடம் வரும் ஒரு வயதானவர் கையில் படிவத்தைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள். போனே இல்லாமல் வருபவர்களுக்காக நோட்டும் பேனாவும் மேசையில் இருக்கட்டும், அதில் எழுதியதை அன்று சாயங்காலமே பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.