விஸ்பி குழியிலிருந்து ஒரு தகட்டுக் கவசம்: நான் செய்த முறை

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் பதினோரு வருடம் டிங்கர் வேலை பார்த்தேன். இப்போது ஸ்டாக்ஹோமில் அதே வேலைதான், ஒடுங்கிய கார் கதவுகளை நிமிர்த்துவது. சில வருடங்களுக்கு முன், ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு இங்குள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மண்டையோடு. அதைச் சுற்றி இரும்பு வளையங்கள் துருவேறி எலும்போடு எலும்பாக ஒட்டியிருந்தன. "அப்பா, இந்த மாமாவுக்கு யாருமே தொப்பியைக் கழட்டி விடலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

யாரும் கழற்றவில்லை. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமாரின் படை பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்துத் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே, மதில் ஓரத்தில், ஊர்ப்புற விவசாயிகளைக் கொன்று குவித்தது. கோடை வெயில், எக்கச்சக்கமான உடல்கள். போட்டிருந்ததோடு சேர்த்துப் பெரிய குழிகளில் தள்ளி மூடிவிட்டார்கள். வழக்கமாகப் போர்க்களத்தில் இரும்பை விட்டுவைக்க மாட்டார்கள், உருவிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே அது நடக்காததால், 1905-ல் தொடங்கி இடைவெளி விட்டு 1930 வரை தோண்டியபோது 1,100-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளும், இருபதுக்கு மேற்பட்ட மார்புக் கவசங்களும், ஏராளமான வளையத் தொப்பிகளும், இரும்புக் கையுறைகளும் கிடைத்தன. தொல்லியலாளர் பெங்ட் தூர்டெமான் இவற்றை ஒவ்வொரு தகடாக அளந்து, வரைந்து, 1939-ல் அறிக்கையாக வெளியிட்டார். சாதாரண மனிதர்கள் அணிந்த 14-ஆம் நூற்றாண்டுக் கவசத்தைப் பற்றி இவ்வளவு விவரமான ஆதாரம் வேறு இடத்தில் கிடைப்பது அரிது. புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

முதல் வேலை, "இடைக்காலக் கவசம்" என்ற சொல்லை மறப்பது. அது ஆயிரம் வருடத்துக்கான சொல். 1250-ன் வீரனும் 1450-ன் வீரனும் ஒருவர் கவசத்தை ஒருவர் பார்த்தால் வியந்துபோவார்கள். ஒரு இடம், ஒரு இருபது வருடம், ஒரு வகை ஆள் என்று முடிவு செய்யுங்கள். நான் வைத்துக்கொண்டது: கோட்லாந்து, 1361, கொஞ்சம் வசதியுள்ள விவசாயி. அப்படி முடிவு செய்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1361 என்பது புதைத்த வருடம்தான், செய்த வருடம் அல்ல. அப்பா போட்டதை மகன் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அதனால் அதற்கு ஒரு தலைமுறை முந்தைய படங்களையும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். 1361-க்குப் பிந்தைய படத்தைத்தான் தொடக் கூடாது.

அடுத்து ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் மண்ணிலிருந்து கிடைத்தது. இரண்டாவதில் அந்தக் காலத்து ஓவியத்திலோ சிலையிலோ பார்த்தது. மூன்றாவதில் இரண்டும் இல்லாமல் நான் முடிவு செய்தது. தகட்டின் தடிமன், ஆணியின் தலை, வாரின் அகலம், தையல் நூல், எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றில் விழ வேண்டும். என் மூன்றாவது பத்தி நாற்பது வரிக்கு மேல் போகிறது. அதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பதால்தான் மற்ற இரண்டு பத்தியையும் நான் நம்புகிறேன்.

இப்போது முதல் பத்திக்கு வருவோம். விஸ்பியில் தோண்டி எடுத்தபோது தோல் மக்கிப் போயிருந்தது. இருந்தது இரும்புத் தகடுகளும் ரிவெட்டுகளும்தான். தகடுகள் தோல் அங்கியின் உட்புறத்தில் வைத்து ரிவெட் அடிக்கப்பட்டவை. வெளியிலிருந்து பார்த்தால் தோலும் ஆணித் தலைகளும் மட்டுமே தெரியும். சரி, மக்கிப்போன தோல் எவ்வளவு தடிமன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரிவெட்டைப் பாருங்கள். அதன் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே காலியாக நிற்கும் இடைவெளிதான் அந்தத் தோல். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இல்லாமல் போன பொருளை, அதைப் பிடித்திருந்த ஆணி இத்தனை நூற்றாண்டு அளந்து வைத்திருந்திருக்கிறது. அதனால் அருங்காட்சியகத்துக்குப் போனால் கவசத்தை முழுசாக ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். பக்கவாட்டில் குனிந்து ரிவெட்டின் கழுத்தைப் பாருங்கள். எந்தத் தகடு எதன்மேல் ஏறுகிறது, ஓட்டை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மூலை வெட்டியிருக்கிறதா உருட்டியிருக்கிறதா, இவையெல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும். கறுப்புத் துணி ஒன்றைக் கையில் பிடித்து மறைத்துக்கொண்டால் படம் தெளிவாக விழும்.

இரண்டாவது பத்தி ஏமாற்றக்கூடியது. ஜெர்மனியின் மாக்டபுர்க் தேவாலயத்தில் 1250-ஐ ஒட்டிச் செதுக்கிய புனித மொரீஸ் சிலை இருக்கிறது. அதன் மார்பில் ஆணித் தலைகள் வரிசையாக நிற்கும். விஸ்பிக்கு நூறு வருடம் முந்தைய தகட்டுக் கவசம் அது. நம் விஸ்பித் தகடுகள் உயிரோடு இருந்தபோது எப்படித் தெரிந்திருக்கும் என்பதற்கு அது நல்ல துணை. ஆனால் இப்படிப்பட்ட சிலைகளையும் ஓவியங்களையும் பார்த்துத்தான் பின்னாளில் பலர் "குமிழ் ஆணி அடித்த வெறும் தோல் கவசம்" என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். கணினி விளையாட்டுகளில் இன்றும் அது உலவுகிறது. வெறும் தோலில் அழகுக்கு ஆணி அடித்தால் அது வெட்டைத் தடுக்காது. உள்ளே தகடு இருப்பதால்தான் வெளியே ஆணி இருக்கிறது.

கல்லறைச் சிலைகளை நம்புவதற்கு முன் அவை எப்போது பழுது பார்க்கப்பட்டன என்று கேளுங்கள். லண்டன் டெம்பிள் தேவாலயத்து வீரர் சிலைகளை 1840-களில் ஒரு சிற்பி "சரி செய்தார்", 1941 குண்டுவீச்சில் அவை மறுபடி சேதமாயின. அந்த மூக்கும் அந்த வாரும் எந்த நூற்றாண்டுடையவை என்று தெரியாமல் அளவு எடுத்தால் 19-ஆம் நூற்றாண்டுக் கவசம்தான் செய்வோம். ஓவியங்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. விவிலியக் கதையை வரைந்தவர்கள்கூடத் தாவீதுக்கும் சவுலுக்கும் தங்கள் காலத்துக் கவசத்தைத்தான் மாட்டினார்கள். கதை பழையது, இரும்பு அன்றையது. ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள மனெஸ்ஸே ஓவியச் சுவடியை, அதாவது 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரைந்ததை, வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இனி செய்முறை. எல்லோரும் இரும்பிலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி ஒரு மாதத்தை இழந்தேன். பனியன் மேல் அட்டையை வைத்து அளவெடுத்து, தகடு வெட்டி, வளைத்து முடித்த பிறகுதான் உள்ளே போடும் பஞ்சுச் சட்டையைத் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கவசத்தை மாட்டினால் பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளி. மூச்சு விட முடியவில்லை. எல்லாத் தகட்டையும் தூக்கிப்போட்டேன். எனவே முதலில் பஞ்சுச் சட்டை, அதன்மேல் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையச் சட்டை, அப்புறம்தான் தகட்டுக்கு அளவு.

அந்தப் பஞ்சுச் சட்டையைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல ஆசை. ஆங்கிலேயர் அதை அக்கெட்டன் என்றார்கள். பருத்திக்கான அரபுச் சொல்லான அல்-குத்ன்தான் அந்தப் பெயரின் வேர். கதகதப்புக்கு அல்ல, அடியை வாங்கிக்கொள்ள அணிவது. 1322-ல் லண்டன் கவசக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட விதிமுறை இன்றும் கிடைக்கிறது. எந்த வகைச் சட்டைக்குள் என்ன அடைக்கலாம், புதுத் துணி எது, பழையது எது என்று அதில் கறாராக எழுதியிருக்கிறார்கள். பருத்தி அதில் வெளிப்படையாகவே வருகிறது. என் சட்டைக்கு மேலும் கீழும் லினன், நடுவில் பஞ்சு. இரண்டு விரல் இடைவெளியில் நெடுக்குத் தையல், கையாலேயே. பாலியஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சாது, ஒரு மணி நேரத்தில் உள்ளே வெந்துபோவீர்கள். இவ்வளவும் லண்டன் சான்று. கோட்லாந்துக்கு அதை நீட்டியது என் முடிவு, ஆகவே மூன்றாவது பத்தி.

சட்டைகளைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். வேறொருவர் அட்டையை உங்கள் மேல் வைத்துக் குறிக்கட்டும். விஸ்பியில் பல அமைப்புகள் உண்டு. நான் எடுத்தது தலை வழியாக மாட்டி, இரண்டு பக்கச் சிறகுகளையும் முதுகுக்குக் கொண்டுபோய்ப் பூட்டும் வகை. அட்டைத் தகடுகளைப் பழைய ஜீன்ஸ் துணியில் பேப்பர் ஃபாஸ்ட்னரால் குத்தி ஒரு முழு மாதிரி செய்யுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், கீழே கிடக்கும் செருப்பை எடுங்கள். அக்குளில் அட்டை மடங்கினால் அங்கே நாளை இரும்பு குத்தும். என் அட்டை மாதிரி ஐந்து முறை மாறியது. அதற்குப் பிறகு தகடு ஒரு முறைதான் வெட்டினேன்.

தகட்டுக்கு 18 கேஜ் மைல்ட் ஸ்டீல், அதாவது 1.2 மில்லிமீட்டர். நெஞ்சுக்கு மட்டும் 16 கேஜ் வைத்தேன். ஜி.ஐ. ஷீட் வேண்டாம், துத்தநாகப் பூச்சு தோற்றத்தையே கெடுத்துவிடும், சூடாக்கினால் புகையும் ஆகாது. அன்றைய இரும்பு இப்படி ஒரே சீராக இருக்காது. பழைய கவசங்களின் உலோகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஆலன் வில்லியம்ஸ் போன்றவர்கள் அதில் கசடு இழைகள் ஓடுவதைக் காட்டியிருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் தகட்டில் அது இல்லை. இதுவும் நோட்டில் மூன்றாவது பத்திக்குப் போனது.

வளைப்பது நம் கைக்குப் பழகிய வேலை. தகட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியலால் நடுவிலிருந்து வெளியே அடித்துக்கொண்டு வாருங்கள், பிறகு டாலியில், அதாவது தகட்டுக்கு அடியில் தாங்கலாக வைக்கும் இரும்புக் கட்டியில், வைத்துச் சமன் செய்யுங்கள். கார் கதவில் சுத்தியல் தடம் தெரிந்தால் முதலாளி திட்டுவார். இங்கே உள்பக்கம் லேசாகத் தடம் இருக்கட்டும். கண்ணாடி போலப் பாலிஷ் போடுவது தோலுக்குள் மறையப்போகும் தகட்டுக்கு அவசியமில்லை. விளிம்பை மட்டும் அரம் போட்டு நன்றாக உருட்டுங்கள். கூர் விளிம்பு முதலில் அறுப்பது உங்கள் தோல் அங்கியைத்தான்.

தோலில் நான் ஏமாந்தேன். ஒரு கடையில் "இயற்கைத் தோல்" என்று சொல்லி விற்றதை வாங்கினேன். வெட்டிப் பார்த்தால் நடுவே நீலச் சாம்பல் நிறம், குரோமியத்தில் பதப்படுத்தியது. அந்த முறை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1361-ல் மரப்பட்டை ஊறலில் பதப்படுத்திய தோலும் இருந்தது, வடக்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் ஓக் பட்டை. நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டு ஊறவைப்பார்களே, அதே வழிதான். அந்த வாசம் மூக்கில் ஏறினாலே இது வேறு தோல் என்று தெரியும். வாங்கும்போது ஓரத்தைக் கத்தியால் சீவி வெட்டு முகத்தைப் பாருங்கள். உள்வரை பழுப்பாக இருந்தால் வாங்கலாம். என் தோல் இரண்டரை மில்லிமீட்டர்.

ரிவெட் அடிப்பதில்தான் பொறுமை வேண்டும். இரும்பு ரிவெட், தலை வெளியே, நுனி தகட்டின் உட்பக்கம். எல்லா ஓட்டையையும் முதலிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு தகட்டுக்கு நடுவில் ஒரு ஓட்டை, ஒரு ரிவெட். பிறகு அடுத்த தகட்டை அதன்மேல் ஏற்றிப் பார்த்து அடுத்த ஓட்டை. தோல் இழுபடும், இரும்பு இழுபடாது. ரிவெட் நுனியைத் துளைக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு வெட்டி, லேசான சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே அடியாக அடித்தால் ரிவெட் துளைக்குள்ளேயே வளைந்துவிடும். மிக இறுக்கினால் தோல் சுருங்கித் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். நான் அறுபதுக்கு மேற்பட்ட ரிவெட்டுகளை அரத்தால் ராவி எடுத்துத் திரும்ப அடித்திருக்கிறேன். விரலால் தள்ளினால் தகடு கொஞ்சம் நகர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

வளையச் சட்டை செய்வதை இங்கே விளக்கப்போவதில்லை, அது தனி வேலை. இந்தியாவில் செய்து ஏற்றுமதியாகும் ரிவெட் வளையச் சட்டைகள் கிடைக்கின்றன. வாங்கினால் வளையங்கள் ரிவெட் அடித்தவையா, வெறுமனே வாய் ஒட்டி வைத்தவையா என்று பாருங்கள். வாய் ஒட்டியது நாடகத்துக்கு ஆகும், ஆராய்ச்சிக்கு ஆகாது.

முடித்தபோது என் கவசம் ஒன்பது கிலோ. அதைப் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படி நான்கு தளம் ஏறி இறங்கினேன், ஓடினேன், பனியில் உருண்டேன். மார்பு, வயிறு, முதுகு, விலா எல்லாம் மூடியிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. விஸ்பி எலும்புகளில் கீழ்க்கால் எலும்பில்தான் வெட்டுகள் அவ்வளவு அதிகம். அறிக்கையில் படித்தபோது எண்ணாக இருந்தது, கவசத்தைப் போட்டுக்கொண்டு குனிந்து என் காலைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. குழியில் கிடந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள், வயதானவர்களும் இருந்தார்கள்.

பக்கிள் முதுகில் இருப்பதால் இந்த வகையை நான் தனியாகப் போட முடியவில்லை. எவ்வளவோ முயன்றேன், கை எட்டவில்லை. என் மகள்தான் பூட்டுகிறாள், மூன்று வாரையும் ஒரே அளவில் இழுத்து. அன்று காலை அந்த விவசாயிக்கும் வீட்டில் யாரோ முதுகுப்பக்கம் நின்று பூட்டியிருக்க வேண்டும். அந்த வரியை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் மூன்றாவதில் எழுதினேன்.

கழற்றியதும் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, தகட்டுக்கு மெல்லியதாக ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். தோலில் எண்ணெய் ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரிவெட் தலைகளைச் சுற்றிக் கறை படியும். மடித்து வைக்காமல் அகலமான மரக் கட்டையில் தொங்கவிடுங்கள். முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒருமுறை ரிவெட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். தளர்வது பெரும்பாலும் இடது அக்குளுக்குக் கீழே இருக்கும் வரிசைதான்.