சைப்ரஸ் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைப்ரஸ் சிறிய தீவு. பரப்பளவு 9,251 சதுர கிலோமீட்டர். இலங்கையில் ஏழில் ஒரு பங்குதான். அதனாலேயே இரண்டு மூன்று நாளில் முழுத் தீவையும் சுற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். லார்னகாவிலிருந்து பாஃபோஸுக்கு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மை. ஆனால் ட்ரூடோஸ் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கணக்கு செல்லாது. நேரம் போதவில்லை என்றதும் திட்டத்திலிருந்து முதலில் கழற்றிவிடப்படுவதும் இந்த மலைதான். என்னைக் கேட்டால், கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது மலைக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

காரணம், அங்குள்ள ஓவியத் தேவாலயங்கள். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மட்டும் பத்து இருக்கின்றன. நிகிதாரி கிராமத்துக்கு அருகே இருக்கும் ஆசினு தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு என்றே தோன்றும். மழையும் பனியும் தங்காமல் வழிந்துவிடும்படி சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. வெளிச்சுவரில் அலங்காரம் எதுவும் இல்லை. உள்ளே போனால் சுவர், வளைவு, விதானம் என்று சாண் இடம் விடாமல் ஓவியம். அவற்றில் மிகப் பழையவை 1105-06இல் தீட்டப்பட்டவை. முன்மண்டபத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சிகள் விரிகின்றன.

இத்தகைய தேவாலயங்கள் எந்நேரமும் திறந்திருக்கும் என்று நம்பிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. சிலவற்றின் சாவி ஊர்ப் பாதிரியாரிடமோ காவலரிடமோ இருக்கும். முதல் நாளே விடுதியில் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஊர்க் காபிக் கடையில் கேளுங்கள். உள்ளே படம் எடுக்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. யாரும் பார்க்கவில்லை என்று கைபேசியை நீட்ட வேண்டாம். அதைவிட முக்கியம், முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது. உள்ளே இடம் குறுகலானது. திரும்பும்போது பை சுவரில் உரசும். ஒன்பது நூற்றாண்டுகளைத் தாக்குப்பிடித்த வண்ணம் ஒரு பையின் உரசலில் உதிர்ந்தால், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

கிக்கோஸ் மடத்தில் உள்ள மாதாவின் திருவுருவம் புனித லூக்கா வரைந்தது என்பது மரபு. அதன் முகம் மூடியே வைக்கப்பட்டிருக்கும். திறந்து காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை எல்லா வழிபாட்டு இடங்களுக்கும் பொருந்தும்.

கிறிஸ்தவர்கள் லார்னகாவில் லாசரு தேவாலயத்தோடு திரும்பிவிடுவதும், முஸ்லிம்கள் ஹலா சுல்தான் தெக்கேயோடு திரும்பிவிடுவதும் எனக்கு வருத்தம் தரும் விஷயம். இயேசு உயிர்ப்பித்ததாக விவிலியம் சொல்லும் லாசரு பிற்காலத்தில் இங்கே ஆயராக இருந்தார் என்பது தீவின் நம்பிக்கை. பலிபீடத்துக்குக் கீழே அவர் கல்லறை இருக்கிறது. நபித்தோழி உம்மு ஹராம் அடக்கமான தலமாகப் போற்றப்படும் தெக்கேயோ உப்பு ஏரிக்கரையில், சில கிலோமீட்டர் தொலைவில்தான். செருப்பைக் கழற்றி, பெண்கள் தலையை மறைத்துக்கொண்டு, எந்த மதத்தவரும் போகலாம்.

அந்த ஏரியில் பூநாரைகளைப் பார்க்க ஆசைப்பட்டு ஜூலையில் போனால் காய்ந்த உப்புத் தரைதான் இருக்கும். கோடியக்கரைக்கு வரும் அதே இனம் இங்கே குளிர்காலத்தில், பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை தங்குகிறது. கோடையில் தீவின் உட்பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பாஃபோஸின் ‘அரசர்கள் கல்லறை’ வளாகத்தில் ஒதுங்க நிழலே இல்லை. உண்மையில் அங்கே எந்த அரசரும் புதைக்கப்படவில்லை. பெரும் அதிகாரிகளுக்காகப் பாறையில் குடைந்தவை அவை. காலையில் கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது.

ஈஸ்டர் சமயத்தில் போகிறவர்கள் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஈஸ்டர் தேதியும் அதுவும் பல ஆண்டுகளில் ஒன்றாக வருவதில்லை. அந்த ஞாயிறன்று தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும்.

லாரா கடற்கரையில் பெருந்தலை ஆமைகளும் பேராமைகளும் கோடையில் முட்டையிடுகின்றன. 1978 முதல் அங்கே பாதுகாப்புப் பணி நடக்கிறது. குடை நடுவது, இரவில் தங்குவது, மணலில் வண்டி ஓட்டுவது எல்லாம் தடை. கம்பி வலைக் கூண்டுகளால் மூடியிருப்பவை முட்டைக் குழிகள். அவற்றைச் சுற்றிப் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். போகும் வழி மண்பாதை. வாடகைக் காரின் காப்பீடு அதற்குச் செல்லுமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1974 முதல் தீவு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பதை மறந்து டிக்கெட் போடுவதுதான் மிகவும் சிக்கலில் மாட்டிவிடும் தவறு. வடக்கிலுள்ள எர்கான் விமான நிலையத்தைச் சட்டப்படியான நுழைவு வாயிலாகத் தெற்கை ஆளும் சைப்ரஸ் குடியரசு ஏற்பதில்லை. மலிவாக இருக்கிறது என்று அதன் வழியே வந்து இறங்கினால் தெற்கே போக விடாமல் தடுக்கப்படலாம். லார்னகா அல்லது பாஃபோஸில் இறங்குங்கள். தெற்கில் எடுத்த வாடகைக் காரின் காப்பீடு வடக்கில் செல்லாது. நிறுவனம் அனுமதித்தால் எல்லைச் சாவடியில் தனியாக வாங்க வேண்டும். தலைநகர் நிக்கோசியாவில் லெட்ரா தெருச் சாவடி வழியே நடந்தும் கடக்கலாம். பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தீவை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கோட்டை ஒட்டிய படையினரையும் காவல் சாவடிகளையும் படம் எடுக்கத் தடை உண்டு. இடிந்த வீடுகளும் மணல்மூட்டைகளும் எவ்வளவுதான் கண்ணை இழுத்தாலும், எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.