பழைய பட்டும் சீட்டியும்: சேர்த்து வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ஆரணி, குடியாத்தம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், கூறைப்புடவையோ, குழந்தையின் சரிகைப் பாவாடையோ, சாமி அறைத் திரையின் கிழிசலோ கண்ணில் படும். அப்படிக் கிடைத்த துணியை அழுக்காக இருக்கிறதே என்று உடனே நீரில் முக்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. திருத்த முடியாத தவறும் அதுவே.

என்னிடம் ஒரு சாண் அகலமுள்ள சீட்டித் துண்டு, அதாவது பூ வேலைப்பாடுள்ள பழைய பருத்தித் துணித் துண்டு, ஒன்று உண்டு. அதில் சிவப்பு இதழ்கள் உறுதியாக நிற்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி இருந்த கறுப்புக் கோடுகள் மட்டும் கத்தியால் கீறி எடுத்தாற்போல உதிர்ந்து போயிருக்கின்றன. காரணம் சாயமிடும் முறையிலேயே இருக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியின் மீது, இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்த காடியால் வரைந்தால் கறுப்பு பிறக்கும். அந்த இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையையே அரித்துவிடுகிறது. படிகாரமும் சாயவேரும் சேர்ந்து தரும் சிவப்புக்கு அந்தக் கேடு இல்லை. இத்தகைய துணியை ஊறவைத்துக் கசக்கினால், நொய்ந்து நிற்கும் கோடுகள் எல்லாம் நீரோடு போய்விடும். எனது துண்டும் என் கைக்கு வருமுன் ஒரே ஒருமுறை துவைக்கப்பட்டதுதான். பூந்தூரிகையால் தூசியை மெல்லத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஈரம் பட்டே ஆக வேண்டுமானால், துணிப் பாதுகாப்பு அறிந்தவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

சரிகையை எலுமிச்சை, புளி, பற்பசை கொண்டு தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய சரிகையில் வெள்ளிக் கம்பியின் மேல் பொன்முலாம் மிக மெல்லிய படலமாகவே இருப்பதால், இரண்டு தேய்ப்பில் அது போய்விடும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். ஆகவே, ரப்பர் வளையம் போட்டுச் சுற்றுவதும், கம்பளியோடு சேர்த்து மடித்து வைப்பதும் தவறு. தோல் பதனிடும்போது முடி நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுவதால், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தொழிற்சாலைகளை ஒட்டி வசிப்போர் சரிகைப் புடவையை நெடுநேரம் காற்றில் விரித்து வைக்காமல் இருப்பது நல்லது. பாச்சை உருண்டையை மடிப்புக்குள் நேரே போடுவதும் கூடாது.

செய்தித்தாளில் சுற்றி வைப்பதால் அதன் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். மரப் பெட்டியும் அவ்வாறே அமில ஆவி விடும். கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் பொதிவதே எளிய வழி. கஞ்சி தங்கினால் இராமபாணப் பூச்சி வந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் மூடினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பதால், உருளையில் சுற்றுங்கள். முடியாவிட்டால் மடிப்புகளை அவ்வப்போது மாற்றுங்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோர் வெயில் விழும் சுவரைத் தவிர்க்க வேண்டும். வெளுத்த நிறம் திரும்பாது.

காலம் கணிப்பதில் நிகழும் பிழைகள் வேறு வகையானவை. எழுதுகோலால் துணியில் வரையும் கலம்காரிக்குப் பேர்போன காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி), 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை நமது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்ததால், கலம்காரி நமக்கு அயல்பொருள் அன்று. அதனாலேயே, பூக்கொடி அச்சுள்ள எந்தத் துணியையும் “இருநூறு ஆண்டுப் பழமை” என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் மெஜந்தா இருந்தால் அத்துணி 1850களின் இறுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. அச்சாயமே அப்போதுதான் பிறந்தது. அதற்காக ஊதாவைக் கண்டாலே புதியது என்று ஒதுக்குவதும் பிழை. படிகாரமும் இரும்பும் கலந்து சாயவேரில் இட்டால் மங்கிய ஊதா நமது பழைய சாயக்காரர்களுக்கும் கிடைத்தது. சிவப்போ இன்னும் ஏமாற்றும்: சாயவேரில் இருப்பது அலிசரின் என்னும் சிவப்புச் சாயப்பொருள், 1868இல் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்டதும் அதே பொருள்தான். வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆகவே நிறத்தோடு நிற்காமல், துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் வெளிறி, ஒரே பூ இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால், அது எழுதுகோலால் எழுதியதாக இருக்க வாய்ப்பில்லை.

ஓரம் பிசிறாக இருக்கிறதென்று கரையையோ முந்தியையோ வெட்டித் தைக்காதீர்கள். வணிகக் கம்பெனிகள் ஏற்றுமதித் துணிகளில் குத்திய முத்திரைகள் ஓரங்களில்தான் இருக்கும். வெட்டியபின் துணி எந்தக் கை வழி போனது என்பதைச் சொல்ல எதுவும் மிஞ்சாது. யாருடைய திருமணத்துக்கு, எந்த ஊரில் எடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பேனாவால் துணியின் மேல் எழுதாமல், குண்டூசியும் குத்தாமல், ஒரு நாடாத் துண்டில் பென்சிலால் எழுதி, உள்ளோரத்தில் இரண்டு தையலில் பிடித்துவையுங்கள்.