சிமிழ் மூடி சேகரிப்பு: முதல் மூடியை எப்படிப் பார்த்து வாங்குவது?

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் தலைக்குத் தடவும் கரடிக் கொழுப்பு, இறால் பேஸ்ட், பற்பசை எல்லாம் சின்னச் சின்னப் பீங்கான் சிமிழ்களில் விற்பனைக்கு வந்தன. மூடியில் அழகான படமோ கடையின் பெயரோ இருக்கும். சரக்கு தீர்ந்த பிறகும் படத்துக்காகவே பலர் மூடியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவற்றைத்தான் ஆங்கிலத்தில் பாட் லிட் என்கிறார்கள். நான் ஏழு வருடமாகச் சேர்க்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வரிசையில் போனால் போதும்.

முதலில், வண்ணமா கறுப்பா என்று முடிவு செய்யுங்கள். வண்ண மூடிகளில் பெயர்பெற்றவை ஸ்டாஃபோர்ட்ஷையரின் ஃபென்டன் ஊரில் எஃப் அண்ட் ஆர் பிராட் நிறுவனம் 1840களின் பிற்பகுதியிலிருந்து செய்தவை. அவற்றில் பலவற்றுக்குப் படம் அச்சிடும் செப்புத் தகடு செதுக்கியவர் ஜெஸ்ஸி ஆஸ்டின். லண்டனில் நடந்த 1851 மாபெரும் கண்காட்சி, கிரீமியப் போர், இறால் பேஸ்டுக்குப் பேர்போன பெக்வெல் பே கடற்கரை என்று அந்தக் காலச் செய்தியெல்லாம் படமாகியிருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான். கறுப்பு மையில் மட்டும் அச்சான பற்பசை மூடிகள் மலிவு. முதல் மூடிக்கு அதுவே என் சிபாரிசு. அதில் 'அரீக்கா நட் டூத் பேஸ்ட்' என்று அடிக்கடி பார்ப்பீர்கள். நம்ம ஊர்க் கொட்டைப்பாக்கேதான்! லண்டன் வீட்டில் அதைப் போட்டுப் பல் துலக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது, கண்ணைப் பழக்குவது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். வண்ண மூடியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு. தகட்டிலிருந்து மெல்லிய தாளில் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூடியில் ஒற்றுவார்கள். பழுப்பு நிறக் கோட்டுப்படம் கடைசியில் வரும். தாள்கள் பிசகாமல் உட்கார, படத்தின் இரு ஓரத்திலும் குட்டிப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். லென்ஸில் அந்தப் புள்ளியைத் தேடுங்கள். என் பெக்வெல் பே மூடியில் நீலப்புள்ளி மயிரிழை அளவு விலகியிருக்கிறது. வானமும் அதே அளவு படகின் பாய்மேல் ஏறியிருக்கிறது. ஒற்றிய கை அன்று லேசாக அசைந்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த மூடி அதுதான்.

இனி வாங்கும் முன் செய்யும் சோதனை. மூடி மரச்சட்டத்தில் இருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே வாங்கிவந்தேன். வீட்டில் கழற்றினால் விளிம்பில் கால்வாசி உடைந்து, மாவு வைத்து அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தது. நகத்தை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். பூசிய இடம் வழுவழுப்பில் மாறும். புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். பளபளப்புப் பூச்சில் சிலந்தி வலை போன்ற மெல்லிய வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், வயசானால் வருவதுதான்.

இன்னொன்று: பழைய தகடுகளை வைத்தே 20ஆம் நூற்றாண்டிலும் மூடி அச்சிட்டார்கள். அதனால் படத்தை மட்டும் நம்பக் கூடாது. மூடியின் பின்பக்கம் துருத்தியிருக்கும் வளையத்தில், சுவரில் தொங்கவிட இரண்டு ஓட்டை இருந்தால் பிற்காலத்தது என்று சந்தேகப்படுங்கள்.

பழைய குப்பைமேடுகளைத் தோண்டியும் மூடி எடுக்கிறார்கள். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் தேட, துறைமுக ஆணையத்தின் உரிமச் சீட்டு கட்டாயம்.

அப்புறம், சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். குளோரின் ப்ளீச் வேண்டவே வேண்டாம். வெடிப்புக்குள் இறங்கி, உப்பாக உறைந்து பூச்சையே உரித்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். மூடியின் பின்னால் முன்பு வைத்திருந்தவர் ஒட்டிய பழைய சீட்டு இருந்தால், அழுக்காகத் தெரிந்தாலும் அதை உரிக்காதீர்கள்.