பத்துக் கோடுதானே என்று கிளம்பாதீர்கள்

மலையேறப் புதிதாகக் கிளம்பிய இரண்டு பையன்கள் போன மாதம் வந்து தங்கள் திட்டத்தைக் காட்டினார்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, "பத்துக் கோடுதான் அண்ணா, ஈஸி" என்றார்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைத்தான் எண்ணியிருக்கிறார்கள். எனக்குப் பகீரென்றது. அதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன். சார்ஜ் போடுங்கள், வரைபடத்தை முன்னமே இறக்கி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

கோட்டுக்குக் கோடு எத்தனை மீட்டர்?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாளில் சம உயரக் கோடுகளுக்கு நடுவே பொதுவாக 20 மீட்டர். தாளின் ஓரத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். திரைக்கு ஏது ஓரம்? பல இணைய வரைபடங்களில் ஜூமைக் கூட்டிக் குறைத்தால் இந்த இடைவெளியும் மாறிவிடும். கிட்டே போனால் 10, 20. விலகினால் 50, 100. மாறியதைப் பற்றி ஒரு சொல் இருக்காது. இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

கொடைக்கானல் மலையில் ஓர் ஊர்ப் பாதை. ஓடையிலிருந்து முகடு வரை 12 கோடுகள் எண்ணினேன். தாளில் பழகிய புத்தி, இருபதால் பெருக்கி 240 மீட்டர் என்றது. நடக்கிற நேரத்தோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள் என்பது 1892-இல் ஸ்காட்லாந்தின் மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு. அப்படியென்றால் நமக்கு அரை மணிகூட இல்லை, சரி, சாப்பிட்டுவிட்டே ஏறலாம் என்றேன். வழியில் ஒரு பெரியவர், "இந்நேரத்துக்கு மேல ஏறாதீங்க தம்பி" என்றார். அவரிடம் போனைக் காட்டினேன். என்ன தைரியம்!

அந்த ஜூமில் இடைவெளி 50 மீட்டர். ஏற வேண்டியிருந்தது 600. முகட்டைத் தொட்டபோது வெளிச்சம் போய்விட்டது, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. மூன்று பேருக்கு ஒரு டார்ச். இறங்கும் வழியெல்லாம் நண்பன் என்னோடு பேசவில்லை.

உயரம் எழுதியிருக்கும் அடுத்தடுத்த இரண்டு தடித்த கோடுகளின் உயரத்தைக் கழித்து, நடுவே கோட்டுக்குக் கோடு எத்தனை தாவல் என்று பார்த்து வகுத்துவிடுங்கள். பையன்களின் திரையில் 1,000, 1,500 என்று இருந்தது. நடுவே ஐந்து தாவல். கோட்டுக்கு 100 மீட்டர். அவர்களுடைய 'ஈஸி', ஒரு கிலோமீட்டர் செங்குத்து உயரம்.

ஆங்கிலேயர் காலத் தாள்களின் ஸ்கேன் கிடைத்தால் இன்னும் கவனம். அதில் உயரம் அடிக்கணக்கில் இருக்கும். தொட்டபெட்டாவின் 8,650 அடியை மீட்டர் என்று படித்தால் எவரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சோலைக்குள் கோடுகளை நம்புவது

இலவச வரைபடங்கள் பலவற்றின் கோடுகள், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த தரவிலிருந்து வந்தவை. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த சோலையில் ரேடார் தரை வரை இறங்காமல் மரத்தலைகளிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். நடுவில் பதினைந்து மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் வெறும் சரிவு போலத்தான் தெரியும். ஓபன்டோபோமேப் என்ற இலவச இணைய வரைபடம் பார்க்க அழகு, நானும் அதில்தான் தொடங்குகிறேன். அப்புறம் நில அளவைத் துறைத் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் கிளம்புவதில்லை.

புள்ளிக்கோடெல்லாம் பாதை என்பது

யானைத் தடமாகவும் இருக்கலாம்.

வரைபடத்தையே அனுமதியாக நினைப்பது

காப்புக்காடு என்றால் முதலில் வனத்துறை, பிறகுதான் வரைபடம்.