சர்க்கரையைச் சாட்சிக்கு அழையுங்கள்: கேலக்டின் சோதனை செய்வது எப்படி

கேலக்டின்-1 புரதம் சேர்த்த குழாயில் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) மடிந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். நான் குதித்தேன், ஒரு வாரம் வீணானது. இந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பிலுள்ள பீட்டா-கேலக்டோசைடு சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குக் கட்டளை இடுகிறது. சாவு அந்தப் பிடியால்தான் வந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஒரே செல் தொகுதியை நான்காகப் பிரியுங்கள்: வெறும் கரைசல், கேலக்டின் மட்டும், கேலக்டினுடன் லாக்டோஸ், கேலக்டினுடன் சுக்ரோஸ். இரு சர்க்கரைகளும் ஒரே செறிவில், 50 மில்லிமோலார் போல, இருக்கட்டும். லாக்டோஸ் கேலக்டினின் பிடிக்குழியில் உட்கார்ந்துவிடும்; சாவு அந்தப் பிடியால் என்றால் அங்கே செல்கள் பிழைக்கும். சுக்ரோஸுக்கு அங்கே இடமில்லை. சுக்ரோஸிலும் செல்கள் பிழைத்தால், காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

என் வாரத்தைத் தின்றது அந்த ‘வெறும் கரைசல்’தான். கேலக்டின்-1 ஆக்சிஜனேற்றத்தால் செயலிழக்கும் என்பதால் அதன் கரைசலில் டைதயோதிரைட்டால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியைக் கலந்து வைப்போம். அதுவே செல்களையும் வாட்டும். ஒப்பீட்டுக் குழாயில் அதைச் சேர்க்க மறந்திருந்தேன்!

கேலக்டின் செல்களைக் கட்டிகட்டியாக ஒட்டவைக்கும். ஆகவே செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுமுன் எல்லாக் குழாய்களிலும் லாக்டோஸ் விட்டுப் பிரித்துவிடுங்கள். சாகும் செல்லில் ஒட்டும் அனெக்சின்-வி சாயத்தை மட்டும் நம்பவேண்டாம். சில செல்கள் சாகாமலேயே அதை ஏற்கும். சவ்வு சிதைந்த செல்லுக்குள் மட்டும் புகும் புரோப்பிடியம் அயோடைடு சாயமும் வேண்டும்.

எல்லா டி செல்களும் ஒரே மாதிரி மடியாது. உதவி டி செல்களில் (டிஎச்) டிஎச்2 வகை செல்கள் தம் சர்க்கரை நுனியில் சியாலிக் அமிலத்தைத் தொப்பியாகப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். டிஎச்1, டிஎச்17 செல்களிடம் அந்தத் தந்திரம் குறைவு.