எடுத்ததற்கெல்லாம் சாபம் என்று எழுதாதீர்கள்

மதுரை திருநகரில் ஒரு நண்பரின் மாடியறையில் ஞாயிறுதோறும் கூடி, ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்னும் கணினி விளையாட்டில் ஒரே குள்ளர் கோட்டையை ஆளுக்கு ஓராண்டு என முறைவைத்து ஆண்டு, அந்த ஆண்டின் வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். விளையாட்டின் தர்க்கம் பிசகும் இடங்களுக்குக் குள்ளர்களின் உலகத்துக்குள்ளிருந்தே காரணம் கற்பிப்பதில்தான் அந்தக் குறிப்பேட்டின் சுவை இருக்கிறது. 2022 டிசம்பரில் விளையாட்டு ஸ்டீம் என்னும் இணையக் கடையில் படங்களுடன் வெளிவந்த பிறகு சேர்ந்த இளைஞர்கள், ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

காரணத்தைத் தேடுமுன் சாபம் என்பது

2015 டிசம்பரில் வந்த பதிப்பில் மதுக்கூடங்கள் சேர்க்கப்பட்டன. அடுத்து வந்த என் ஆட்சியாண்டில் கோட்டைப் பூனைகள் ஒவ்வொன்றாக வாந்தியெடுத்துச் செத்தன. ஆழத்தில் தோண்டியதால் சினந்த கல்தெய்வத்தின் சாபம் என்று நான் நான்கு பக்கம் எழுதினேன், நண்பர்களும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டை ஏற்றவர் அதை நம்பி, சாபம் பரவாதிருக்க எஞ்சிய பூனைகளையும் கொன்றுவிட்டார். பிடிக்க ஆளில்லாத எலிகள் கிடங்கில் புகுந்து தானியத்தைத் தின்றன.

உண்மையான காரணத்தைப் பின்னர் விளையாட்டை உருவாக்கிய டார்ன் ஆடம்ஸே விளக்கினார். குள்ளர்கள் சிந்திய மது தரையில் நடக்கும் பூனையின் பாதத்தில் ஒட்டுகிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது. ஒவ்வொரு நக்கலையும் ஒரு முழுக் குவளையாக விளையாட்டு கணக்கிட்டதால், அந்தச் சிற்றுடல் தாங்காமல் மடிந்தது. எனக்கு இன்றும் ஆறாதது என்னவென்றால், பூனையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்திருந்தால் பாதத்தில் பியர் படிந்திருக்கிறது என்று திரையிலேயே எழுதியிருக்கும். நான் பார்க்கவில்லை. குள்ளர் ஊற்றும் ஒவ்வொரு துளியும் ஒரு குவளைக்குச் சமம் என்றோ, அவர்கள் குடியின் வீரியம் அத்தகையது என்றோ எழுதியிருந்தால், அது நடந்ததோடு ஒட்டிய கதையாக இருந்திருக்கும், பூனைகளும் பிழைத்திருக்கும்.

வைகைக்கு நம் ஊரில் சொல்லும் கதையைப் பாருங்கள். மீனாட்சி திருமணத்தில் குண்டோதரனுக்கு அடங்காத தாகம். இறைவன் ‘வை கை’ என்றார். அவன் கைவைத்த இடத்தில் ஆறு பெருகியது. யாருக்குத் தாகம், ஏன் வந்தது, எந்தச் செயலால் நீர் வந்தது என்று ஒவ்வொரு கண்ணியும் அதில் இருக்கிறது. வெறும் ‘சாபம்’ என்ற சொல்லில் ஒரு கண்ணியும் கிடையாது.

ஒன்றை விளக்கி இன்னொன்றை உடைப்பது

விளையாட்டில் நீர்ச்சக்கரம் 100 அலகு ஆற்றல் தரும். தான் சுழல 10, அதற்கு நீரிறைக்கும் திருகுப் பம்புக்கு 10 போக, 80 மீதி. பம்பு இறைத்த நீரே சக்கரத்தைச் சுற்றுவதால் ஓயாத இயந்திரம் கிடைத்துவிடுகிறது. ‘குள்ளர் பொறியியலுக்குத் தெய்வ அருள் உண்டு’ என்று எழுதுபவர், காற்றில்லாத இடத்தில் அதே குள்ளர் கட்டிய காற்றாலை ஏன் ஒன்றும் தருவதில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அருள் நீருக்குரியது என்று எழுதினால் இரண்டும் நிற்கும்.

குள்ளர் வாயில் ‘பக்’, ‘கோடிங்’

நிரல்பிழை, நிரலெழுதுதல் என்னும் நம் உலகச் சொற்கள் அவர்கள் கதையில் கூடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் கதை கட்டுவது

வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு போதும்.

பொருளை மட்டும் பார்ப்பது

விளையாட்டில் ஒரு மலையை ஒரே ஒரு சோப்புச் சுவர் தாங்கி நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் சோப்புக்கு மந்திர வலிமை கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவ்விடத்தில் மரம் இருந்தாலும் கண்ணாடி இருந்தாலும் மலை நிற்கத்தான் செய்யும், சுற்றிலும் தொடர்பு முழுதாக அறுந்தால் மட்டுமே விழும். சென்ற மாதம் எங்களோடு சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், மரத்தையும் கண்ணாடியையும் வைத்துச் சோதித்துவிட்டு இப்படி எழுதினார்: “மலைக்குத் தனிமை பயம். தொட்டுக்கொண்டிருக்க ஏதேனும் ஒன்று இருந்தால் அது விழாது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள்.” அடுத்த ஆட்சியாண்டை அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.